ஒரே தலையில் இரண்டு கிரீடம்

1996 பெப்ரவரி. மல்வேர்ன் அப்பார்ட்மெண்டின் பால்கனியில் குவிந்த பனியின் வெளிச்சம் சமையலறை மேசைவரை வருகிறது. பத்து வயது நிரோஜினி பள்ளிக்கூடப் புரொஜெக்ட்டுக்காக எகிப்திய அரசரின் கிரீடம் செய்கிறாள். நடுவில் உயர்ந்து நிற்பது கழுவிக் காயவைத்த வெள்ளை பிளீச் போத்தல். அதைச் சுற்றிச் சிவப்பு மட்டை. முன்னால் ஹாங்கர் கம்பியை வளைத்த ஒரு சுருள். மட்டை விலகாமல் அம்மா யோகமலர் பிடித்திருக்கிறாள். "ஏன் பிள்ளை ரெண்டு நிறம்?" "வெள்ளை சவுத், சிவப்பு நோர்த். சவுத் கிங் நோர்த்தை வெண்டவர், அம்மா." ஊரில், வடக்கே யாழ்ப்பாணத்தை இராணுவம் பிடித்து இரண்டு மாதமாகிறது; அங்கிருக்கும் யோகமலரின் தம்பியிடமிருந்து கடிதம் இல்லை. "வெண்டவர் வடக்கின்ர கிரீடத்தை என்ன செய்தவர்? உடைச்சவரோ?" "இல்லையம்மா. தன்ர கிரீடத்தோட சேர்த்துப் போட்டவர். ரெண்டும் பெரிசு எண்டு எல்லாருக்கும் காட்ட." யோகமலர் கிரீடத்தை இரு கைகளிலும் ஏந்தி, வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தி, கண் எடுக்காமல் பார்க்கிறாள். "அப்ப அவன் ராசாதான்," என்கிறாள் மெதுவாக. பிறகு பசையை எடுத்து, சிவப்பு மட்டையின் ஓரம் முழுக்கப் பூசி, வெள்ளையோடு சேர்த்து நெடுநேரம் அழுத்திப் பிடிக்கிறாள்.