ஐந்து அவுன்ஸ்

வெர்லின் பதினோரு வருடமாகத் தன் கார் ஷெட்டில் கட்டிய விமானம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சோயா வயலுக்குள் மூக்கை நுழைத்தபடி நிற்கிறது. தனியாக நாற்பது மணி நேரம் பறந்து காட்டினால்தான் ஆள் ஏற்றலாம் என்பது விதி. அதை முடித்து, இன்று முதல் பயணியாக மனைவி டார்லாவை ஏற்றி ஓடுபாதைக்கு உருட்டிவரும்போது, இடது சக்கரத்தின் பிரேக் டிஸ்க் பிளந்துவிட்டது. வலது பிரேக் மட்டும் பிடிக்க, வண்டி அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டது. மதிய வெயிலில் வெர்லின் மண்டியிட்டு, எடை குறைக்க அந்த டிஸ்கில் தன் கையாலேயே போட்ட ஓட்டைகளைத் தடவுகிறார். விரிசல் ஓட்டைக்கு ஓட்டை தாவிப் போயிருக்கிறது.

"எவ்வளவுய்யா குறைச்ச?" என்கிறார், விமானத் திடலில் பக்கத்து ஷெட்டில் தன் விமானத்தை வைத்திருக்கும் ஆர்லின்.

"அஞ்சு அவுன்ஸ்."

ஆர்லின் வெர்லினின் தொப்பையை நிதானமாகப் பார்க்கிறார். "காலையில ரெண்டு டோனட்டை விட்டிருந்தா போதுமே."

வெர்லின் எழுந்து விமானத்தின் கதவைத் திறக்கிறார். "இறங்கு டார்லா. புது டிஸ்க் வர ஆறு வாரமாகும்."

டார்லா பெல்ட்டைக் கழற்றவில்லை. "இதுக்காக என் கார் பதினோரு குளிர்காலம் பனியில நின்னுச்சு. நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரேன், கதவைச் சாத்து."

சாத்துகிறார். சன்னலுக்கு வெளியே சோயா இலைகள் அசையாமல் நிற்கின்றன. மடியில் சாண்ட்விச் பொட்டலத்தோடு, கீழே நகர்ந்துபோகும் ஊரைப் பார்ப்பதுபோல் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.