அரை நூல் கோணல்

நேராக அறுக்கும் ரம்பம் ஒரே சுருதியில் பாடும். பலகை சற்றே கோணினால் போதும், மரத்தைக் கவ்விக்கொண்டு வீறிடும். ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பட்டறையில் கேட்ட வீறிடல் நாற்பது வருடத்துக்குப் பிறகும் என் காதில் இருக்கிறது.

“நிறுத்துங்க மாப்பிள்ளை!” என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். “இப்பத்தான் வச்ச கைடு நகர்ந்துடுச்சு!”

கைடு என்பது ரம்ப மேசைமேல், பிளேடுக்குப் பக்கத்தில் நிற்கும் நீள இரும்பு. பலகையை அதை ஒட்டித் தள்ளினால்தான் நேராக அறுபடும்.

மேசை விளிம்பில், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்துக் கைடைப் பொருத்துவது இவர். அறுப்பது மாப்பிள்ளை. அந்த மூலைமட்டம் இவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் தந்தது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது.

கைடைத் தளர்த்தி, மட்டத்தை வைத்தார். தட்டிச் சரிசெய்து முடுக்கினார். மத்தியானம் மறுபடி வைத்துப் பார்த்தார். நகர்ந்திருந்தது.

“இதுக்குக் கால் முளைச்சிருக்கு.”

“பலகை நல்லாத்தானே வருது மாமா?”

“இப்ப வரும், நாளைக்குக் கழுத்தறுக்கும். நூலகத்துக்கு அறுபது அலமாரிப் பலகை. கோணினா பதில் சொல்லப் போறது நீங்களா, நானா?”

செவ்வாய்க்கிழமை போல்ட்டை மாற்றினார். புதன்கிழமை வாஷர் போட்டார். வியாழக்கிழமை கைடை முழுசாகக் கழற்றி, அரத்தால் ராவி, துடைத்து மறுபடி பூட்டினார்.

சாப்பிடக் கூப்பிட வந்த மகள் சிரித்தாள். “அதுக்கும் ஒரு தட்டு வைக்கவாப்பா?”

“வை. சாப்பிட்டாவது ஒரே இடத்துல உட்காருதான்னு பார்ப்போம்.”

சாயங்காலம் பார்த்தால், மறுபடி நகர்ந்திருந்தது.

“இதை விட்டேன்னா நான் தச்சனே இல்லை!”

வெள்ளிக்கிழமை காலை கைடைப் பொருத்தி முடித்ததும், அது நின்ற இடத்தில் மேசைமேல் கூரான ஆணியால் ஒரு கோடு கீறினார். பிற்பகல் போய்க் குனிந்து பார்த்தார். கைடின் பின்முனை கோட்டைவிட்டு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தள்ளி நின்றது. பிடித்து அசைத்தார். அசையவில்லை.

“தளர்ந்திருந்தா ஆடணும். இது நகர்ந்துட்டு இறுக்கமா நிக்குது.” நிமிர்ந்தார். “கை வச்சது யாரு மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை, காபியோடு வந்து நின்ற என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

“நான்தான் மாமா.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

“ஏன்?”

மாப்பிள்ளை மேசைமேலிருந்த மரத்தூளைக் கையால் தள்ளினார்.

“மாப்பிள்ளையாச்சேன்னு மரியாதையா சொல்றேன். என் அளவுமேல நம்பிக்கை இல்லாதவருக்கு என் பட்டறையில வேலை இல்லை. நாளையிலேர்ந்து வர வேணாம்.”

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். “இந்த நேரத்துல அவரை அனுப்பினா நாங்க என்னப்பா பண்ணுவோம்?” என்று அழுதாள். இவர் இறங்கி வரவில்லை.

சனிக்கிழமை கைடைக் கோட்டில் பூட்டி, இவரே அறுக்க நின்றார். கைடு கோட்டைவிட்டு மயிரிழை நகரவில்லை.

“பாத்தியா? ஆள் போனதும் அடங்கிடுச்சு!” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆனால் முதல் பலகையின் ஓரமே கருகியது. இரண்டாவதும் கருகியது. மூன்றாவது பிளேடில் சிக்கித் துள்ளி, இவர் தோளை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது.

சுவிட்சை அணைத்தார். பிறகு நாடாவை எடுத்து, கைடுக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். முன்னால் ஒரு அளவு, பின்னால் அரை நூல் குறைவு.

ஒரு பலகையின் விளிம்பில் மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டார். மட்டத்தைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட்டார். இரண்டும் ஒன்றாக விழ வேண்டும். கத்தரிக்கோல் போல விரிந்தன.

“கிளம்பு” என்றார் என்னிடம்.

மகள் வீடு அடுத்த தெருதான். அவள் கொண்டுவந்து வைத்த தண்ணீரை இவர் தொடவில்லை.

“கோணல் கைடுல இல்லை, மட்டத்துல. அது தெரிஞ்சுதான் தினமும் திருத்துனீங்களா?”

“ஆமா மாமா. நாடா வச்சு அளந்து திருத்தினேன்.”

“மட்டம் தானா கோணாது. கீழ போட்டது யாரு?”

நான் அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

“நான்தான். கை நழுவிடுச்சு” என்றார் மாப்பிள்ளை.

“போட்டதுகூடப் பரவாயில்லை. போட்டுட்டு, ஒரு வாரம் வாயை மூடிட்டு இருந்தீங்க பாருங்க! அந்த மனசோட என் பட்டறைப் படி ஏறக் கூடாது.” என் பக்கம் திரும்பினார். “எழுந்திரு.”

எழுந்தேன்.

“படி பார்த்து இறங்குங்க அத்தை” என்றார் மாப்பிள்ளை.

முந்தின ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது மூலைமட்டத்தைக் கீழே போட்டு, எடுத்து, சத்தமில்லாமல் ஆணியில் மாட்டியவள் நான். அதைப் பார்த்த ஒரே ஆளான மாப்பிள்ளை மறுபடி மரவேலைக்கு வரவே இல்லை. இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றார்.