திங்கட்கிழமைச் சிவப்பு

துணியை அவிழ்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் ஆறவில்லை.

பாப்பாவின் தொடை இடுக்கு முழுக்கத் தக்காளித் தோல்போலச் சிவந்து கிடந்தது. நான் காலை நீட்டி உட்கார்ந்து அவளை முழங்காலில் குப்புறப் போட்டிருந்தேன். வெந்நீர் பட்டதும் வீல் என்று அலறினாள். எட்டு மாதக் குழந்தைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறதோ, ஒரே உதையில் சோப்பு டப்பா பாத்ரூம் வாசலுக்குப் போனது.

"மெதுவா ஊத்துங்க, எரியுதில்ல அவளுக்கு" என்றாள் என் மனைவி ஸ்வாதி.

மெதுவாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

அவள் வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் ஆகிறது. இருவருக்கும் சிப்காட்டில் ஒரே கம்பெனி. கியர் கடைகிற மெஷினில் நான், கடைந்ததைச் சோதிக்கிற இடத்தில் அவள். நாளைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். பாப்பாவை யாரிடம் விடுவது?

மூன்று வாரத்துக்கு முன்பு இந்தக் கேள்வியே கிடையாது. கீழ் வீட்டில் ராசாத்தியக்கா இருந்தார். ஷிப்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மூன்றைப் பார்த்துக்கொண்டார். அதுதான் அவர் பிழைப்பு.

அதைக் கெடுத்தவன் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் போய்விட்டேன். அவர் பாப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். சிவப்பைப் பார்த்தேன். மாடிப்படியில் நின்றுகொண்டு எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"ஈரத்துலயே போட்டுட்டு டிவி பாத்துட்டு இருந்தியா?"

எப்போதும் வரும் 'அக்கா' என்கிற சொல் அன்றைக்கு வாயில் வரவில்லை.

"சனிக்கெழம நல்லாத்தான் அனுப்பறேன் தம்பி. திங்கக்கெழம காலைல வர்றப்பவே செவந்துதான் வருது" என்றார்.

எதிர்த்துப் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேலும் இரண்டு வார்த்தை சொன்னேன். அவற்றை எழுதக் கை வரவில்லை.

மறுநாளே மற்ற இரண்டு வீட்டாரும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். அந்த வாரமே அவர் வீட்டைக் காலி செய்து சூளகிரிப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்குப் பூப் பறிக்கப் போய்விட்டார். போகும்போது எங்கள் கதவில் ஒரு கட்டைப்பையை மாட்டிவிட்டுப் போனார். வீம்பு எனக்கு. பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் தூக்கிப் போட்டேன்.

அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் பாப்பாவுக்குக் கட்டும் துணிகள். டயப்பர் சூடு என்று நானே தேடித் தேடிச் சேர்த்தவை. மெஷின் துடைப்பதற்குத் திருப்பூரிலிருந்து பனியன் துணி மூட்டை மூட்டையாக வரும். அதில் வெள்ளையாக, மெத்தென்று இருப்பதாகப் பொறுக்கி, எங்கள் யூனிபார்மோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தேன். பாதி வீட்டுக்கு, பாதி ராசாத்தியக்காவுக்கு.

கொடுத்த அன்று அவர் ஒரு துணியை எடுத்து முகத்தோடு வைத்துப் பார்த்தார். எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று பார்க்கிறார் என நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும் புண் வந்தால் யாரைச் சொல்வேன்? மாற்றுகிறவர் மாற்றவில்லை என்றுதானே நினைப்பேன்.

குளிப்பாட்டி முடித்துப் பார்த்தால் கட்டத் துணி இல்லை. நாலு நாளாக ஓசூரில் தூறல். கொடியில் கிடந்த எதுவும் காயவில்லை. ஸ்வாதி ஸ்டூல் போட்டு ஏறி அந்தக் கட்டைப்பையை எடுத்தாள்.

உள்ளே, இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் கவரில் என் பனியன் துணிகள். நான் கொடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒன்றைக்கூட அவர் கட்டியதில்லை.

அதற்கு அடியில், பழைய வாயில் சேலையைக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்த துண்டுகள். துவைத்துத் துவைத்து நீலம் வெளுத்திருந்தது. இரண்டு மாதமாகப் பாப்பாவுக்குப் பகலில் அவர் கட்டியவை; சாயங்காலம் கழற்றிவிட்டு ஜட்டி போட்டு அனுப்பியதால் எங்கள் கண்ணில் பட்டதில்லை. அவ்வளவு பேச்சுக் கேட்டபிறகும் இவளுக்கு வேண்டியிருக்கும் என்று விட்டுப் போயிருக்கிறார்.

ஸ்வாதி கவரின் முடிச்சை அவிழ்த்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பினாள்.

"ஏங்க, இதுல கூலண்ட் நாத்தம் அடிக்குதுங்க."

இரும்பு கடையும்போது சூடு தணிய ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர்தான் கூலண்ட். எங்கள் யூனிபார்மில் எப்போதும் ஊறிக் கிடக்கும். கையில் பட்டால் எங்களுக்கே அரிக்கும்.

"மூணு வாரம் கம்பெனிப் பக்கம் போவல இல்ல, அதான் இப்ப என் மூக்குக்குத் தெரியுது" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

ராசாத்தியக்காவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தவன் முகம் வாடுமே என்று வாயைத் திறக்கவில்லை. நான் கத்திய அன்றுகூட அவர் துணியைச் சொல்லவில்லை. ஞாயிறு முழுக்க எங்கள் வீட்டுத் துணியில் கிடந்துவிட்டு வரும் திங்கட்கிழமையைத்தான் சொன்னார்.

பாப்பாவுக்கு நீலத் துண்டைக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் விசும்பல் அடங்கியது. ராசாத்தியக்காவின் நம்பருக்குப் போன் போட்டேன். கடைசிவரை மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"நீங்களே மோந்து பாருங்க" என்று ஸ்வாதி ஒரு பனியன் துணியை நீட்டினாள்.

மூக்கோடு வைத்து அழுத்தி இழுத்தேன். நம்பாமல் இன்னொரு முறை இழுத்தேன்.

நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்த துணியின் வாசனைதான் எனக்கு வந்தது.