ஆளில்லாத அலெக்சாந்திரியா

"எங்கே போனாங்க இத்தனை ஜனமும்?"

ஃபிக்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார். ரம்ல் டிராம் நிலையம். பகலில் கால் வைக்க இடம் கிடைக்காது. படத்தில் தண்டவாளம் இருந்தது, விளக்குக் கம்பங்கள் இருந்தன, டிராம் இல்லை, மனிதர்கள் இல்லை. பத்திரிகை விற்பவர் ஒருவர் மட்டும் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், ஊரே கிளம்பிப்போய் அவரிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டதைப் போல.

"சுப்ஹானல்லாஹ்!"

மகள் நிர்மீனின் முதல் புகைப்படக் கண்காட்சி அது. எல்லாமே தகர நெய் டப்பாவில் ஊசித் துளை போட்டு அவளே செய்த கேமராவில் எடுத்தவை. 'டப்பாவும் கையுமா அலையுது, பைத்தியம்' என்று ஆறு மாதமாகத் திட்டித் தீர்த்தவர்தான் ஃபிக்ரி. இப்போது ஒவ்வொரு படத்தின் முன்னாலும் வாய் பிளந்து நின்றார்.

"இன்ஸாஃப்! இங்கே வந்து கடலைப் பாரேன். ஒரு அலைகூட இல்லை, பஞ்சு விரிச்ச மாதிரி கிடக்கு. உன் பொண்ணு ஊரையே கழுவித் துடைச்சு வெச்சிருக்கா!"

வாசலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்த அவர் மனைவி செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாருங்க, அபூ ஷாதி. கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றாள், வழக்கம்போல 'ஷாதியின் அப்பா' என்று மகன் பெயரைச் சொல்லி அவரை அழைத்து.

"வந்ததும் உட்கார்ந்தாச்சா? வீட்டுல அப்படி என்ன வெட்டி முறிச்சே?"

அவள் அடுத்த பாதத்தைப் பிடித்துவிடத் தொடங்கினாள். அவர் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படிம்மா பண்ணினே? போலீஸை வெச்சு எல்லாரையும் விரட்டினியா?"

"அதெல்லாம் இல்லப்பா..." நிர்மீன் சிரித்தாள். அதற்குள் யாரோ கூப்பிட, "இதோ வந்து சொல்றேன்" என்று ஓடினாள்.

கடைசிச் சுவரில் எல்லாவற்றையும்விடப் பெரிய படம். கீழே, 'எங்கள் வீடு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.'

அட, அவர் இடுப்பு பிடித்துக் கிடந்த நாள்! சோபாவில் அவரே இருந்தார், கொஞ்சம் புகை படிந்த மாதிரி, ஆனால் தொப்பை உட்பட அத்தனையும். மெத்தையில் மகன் ஷாதி, போனும் கையுமாக. ஜன்னலில் பூனை. பின்னால் சமையலறைக் கதவு திறந்தபடி. கதவுக்குள் யாருமில்லை.

ஃபிக்ரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்ஸாஃப், இங்கே வா."

குரல் மாறியதைக் கேட்டு அவள் வெறுங்காலோடு வந்தாள்.

"அன்னைக்கு நீ எங்கே போனே?"

"என்னைக்கு?"

"நான் படுத்துக் கிடந்த அன்னைக்கு. நான் இருக்கேன், ஷாதி இருக்கான், பூனைகூட இருக்கு. நீ எங்கே?"

"வீட்டுலதான் இருந்தேன்."

"உன் தங்கச்சி வீட்டுக்குப் போனே, அதானே? சமீஹா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"வல்லாஹி, சத்தியமா நான் படியிறங்கவே இல்லை. உங்களுக்கு டீ யார் கொடுத்தா?"

"டீ வந்துச்சு. சோறு வந்துச்சு. உன்னைப் பார்த்ததா எனக்கு ஞாபகம் இல்லையே!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

"படம் பொய் சொல்லுமா? பன்னிரண்டு மணி நேரம்! இருபத்தேழு வருஷமா இப்படித்தான் என் கண்ணுல மண்ணைத் தூவினியா? இப்படியே நேரா உன் தங்கச்சிகிட்டயே போயிடு. என் வீட்டுக்கு வராதே."

இன்ஸாஃப் படத்தை நெருங்கினாள். சோபா ஓரம், மேஜைக்குப் பின்னால், அடுப்படிக் கதவு என்று தன்னைத் தேடினாள். எங்குமே இல்லை.

"இருந்தேனே..." என்றாள், தனக்கே நிச்சயமில்லாதவள் போல. கண் நிறைந்துவிட்டது.

நிர்மீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா! என்ன சத்தம்?"

"நீயே சொல்லு. இதுல உங்கம்மாவை அழிச்சியா?"

"ஒரு புள்ளியைக்கூட அழிக்கலை."

"கேட்டியா? அப்போ இவ வீட்டுல இல்லை!"

நிர்மீன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"டப்பாவோட துளையைக் காலையில திறந்தா சாயங்காலம்தான்பா மூடுவேன். இருந்த இடத்துலயே இருக்கிறவங்கதான் படத்துல விழுவாங்க. ஓடிக்கிட்டே இருக்கிறவங்க விழ மாட்டாங்க. நானும் அம்மா ஒரு தடவையாவது விழுவாங்கன்னு ஏழு நாள் எடுத்துப் பார்த்தேன். ஏழு படத்துலயும் இல்லை."

அவள் குரல் இறங்கியது.

"அம்மா எங்கேயும் போகலைப்பா. உட்காரவே இல்லை."