ராய்ஸின் வெள்ளைத் தொப்பி

"பைபிள் மேல கை வச்சுச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது" என்று வலது கையைத் தூக்கினார் ஹோபர்ட். பைபிள் கைவசம் இல்லாததால் இடது கை பாப்கார்ன் பொட்டலத்தின் மேல் இருந்தது.

கென்டக்கி மலைப்பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம். மல்யுத்தம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் 'கசாப்பு' வர்ஜில். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் வில்லனாக மோதி, ஊர் ஊராகத் திட்டு வாங்கி ஓய்ந்தவர். மேஜையில் கையெழுத்துப் போட்டு விற்கும் போட்டோக்கள். பக்கத்தில் ஒரு பழைய வெள்ளைத் தொப்பி.

மேஜைக்கு முன்னால் நின்ற ஹோபர்ட்டின் கண் அந்தத் தொப்பியை விட்டு நகரவில்லை. வர்ஜிலை மேடைக்கு மேடை பந்தாடிய கதாநாயகன் ராய்ஸின் தொப்பி அது. ராய்ஸ் போன மாதம்தான் செத்துப்போயிருந்தார்.

"அந்தக் காலத்துல ஒரு ராத்திரி உன் பச்சைக் கார் டயரையெல்லாம் கிழிச்சது யாருன்னு நினைச்சே? நான்தான். நீ அதுலேருந்து இறங்கினதை இந்தக் கண்ணால பார்த்தேன்."

"அடப்பாவி, நீதானா அது?" வர்ஜிலின் முகத்தில் கோபம் சரியான அளவில் வந்து நின்றது.

"அதுக்குக் கடவுள் அன்னிக்கே கூலி குடுத்தாரு, கேளு. ஆட்டம் முடிஞ்சு பிக்கப் வண்டியில வீட்டுக்குப் போறோம். ரோட்டோரமா ராய்ஸ் நின்னு கை காட்டறாரு. அவர் காரை எவனோ நாசம் பண்ணிட்டானாம். எவனோ என்ன, நீதான். நாற்பது மைல் எனக்கும் ஓப்பலுக்கும் நடுவுல உட்கார்ந்து வந்தாரு."

வர்ஜில் அப்போதுதான் ஹோபர்ட்டின் முகத்தை நன்றாக ஏறிட்டுப் பார்த்தார்.

"பின்னாடி தார்ப்பாய் பக்கத்துல எங்க நாய்கூட வழி பூரா குரைச்சுக்கிட்டே வந்துச்சு. அவ்வளவு சந்தோஷம் அதுக்கு."

"போதும், வாங்க. வரிசையில ஆளுங்க நிக்கறாங்க" என்றாள் மனைவி ஓப்பல்.

"இரு. ராய்ஸ் என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்த வர்ஜில் மட்டும் இப்ப இங்க இருந்தா, எலும்பை எண்ணிக் கையில குடுப்பேன்'னாரு. கண்ணாடி அதிர்ற மாதிரி கத்திச் சொன்னாரு. அப்பேர்ப்பட்டவரு தொப்பி உங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"எடுத்துக்கிட்டேன். செத்தவன் தலைக்குத் தொப்பி எதுக்கு?" வர்ஜில் முழங்கையை மேஜையில் ஊன்றினார். "கையில தெம்பு இருந்தா என் கையை மடக்கிட்டு எடுத்துக்கோ, கிழவா. இல்லேன்னா பாப்கார்னைத் தின்னுட்டு வீட்டுக்குப் போ."

ஹோபர்ட்டின் கை புகையிலைக் காம்பு போல இருந்தது. ஆனாலும் ஊன்றினார். வர்ஜில் அதை மேஜைக்கு ஒரு விரற்கடை வரை சாய்த்தார். வரிசையே ஊளையிட்டது. பிறகு என்ன ஆனதோ, வர்ஜிலின் கண் பிதுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. கை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. கடைசியில் நாற்காலியோடு கீழே விழுந்து, "ஏமாத்திட்டான், இவன் ஏமாத்திட்டான்" என்று தரையை அறைந்தார்.

ஹோபர்ட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "ராய்ஸ், உன் கணக்கைத் தீர்த்துட்டேன்" என்று ஜிம்மின் கூரையைப் பார்த்துச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. பத்து வயது குறைந்தவரைப் போல உள்ளே நடந்தார்.

ஓப்பல் மட்டும் நின்றாள். வர்ஜில் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் தணிந்த குரலில். "அன்னிக்கு எங்க வண்டியில தார்ப்பாய்க்கு அடியில ஒளிஞ்சு வந்தப்போ எங்க நாய் உங்களைக் கடிச்சுதே, ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சும்மா. ராய்ஸ்தான் மருந்து போட்டான். என்ன பண்றது, ரெண்டு பேருக்கும் சேர்த்து அந்தப் பச்சைக் கார் ஒண்ணுதான் இருந்துச்சு. மேடையில எதிரிங்க ஒரே கார்ல வர்றது வெளிய தெரிஞ்சா பொழைப்பு போயிடும்."

சாவதற்கு முன் ராய்ஸ் அந்தத் தொப்பியை வர்ஜிலிடம் கொடுத்து இதைத்தான் சொல்லியிருந்தார்: "நம்ம ரெண்டு பேரையும் வீட்டுல கொண்டுவந்து விட்டானே, அந்த நல்ல மனுஷனைத் தேடிப் பிடிச்சுக் குடுத்துடு. ஆனா உன்னை ஜெயிச்சு வாங்கின மாதிரி இருக்கட்டும்."