மங்கலைத் துடைத்தபோது

கொலை நடந்த சந்தில் கேமரா பிடித்த படத்தில் ஆளுக்கு முகமே இல்லை, வெறும் மங்கல். அம்சவேணி தன் ஆராய்ச்சிக்காக எழுதிய புரோகிராம் அந்த மங்கலைத் துடைத்தபோது, திரையில் இருந்தது அவள் தம்பி இளவழகன்.

இன்ஸ்பெக்டர் அதைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டார்.

"சார், இது பொய் முகம். புரோகிராமைப் பழக்குறதுக்கு வேற படம் கெடைக்காம என் தம்பி படத்தையே அள்ளிப் போட்டேன். அதுக்குத் தெரிஞ்ச மூஞ்சி அது ஒண்ணுதான்."

"ஓ, தம்பியா?"

"நீங்களாவது சொல்லுங்க சார்" என்று பக்கத்தில் நின்ற தன் ஆய்வு நெறியாளரைப் பார்த்தாள்.

"துல்லியமா வருதுன்னு நீதானம்மா கட்டுரை எழுதின?" என்றவர், இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "இவ வீட்டு அட்ரஸ் காலேஜ் ஆபீஸ்ல இருக்கும் சார், வாங்க."

"அட்ரஸ் குடுக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

கத்திக்கொண்டே இன்ஸ்பெக்டரைத் தன் போனில் படம் பிடித்தாள். அந்தப் படத்தை மங்கலாக்கிப் புரோகிராமுக்குள் ஓட்டினாள். காக்கிச் சட்டைக்கு மேலே இளவழகன் முகம் மெல்ல எழுந்து வந்தது.

"இப்பப் பாருங்க சார்!" என்று திரும்பினாள். அறையில் யாரும் இல்லை. கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. திரையில் தம்பி இன்னும் தெளிவாகிக்கொண்டே இருந்தான்.