பிரேக்கில் ஒரு சத்தம்

“அத்தை, இப்படிக் கால பிரேக் மேலயே வெச்சிருந்தீங்கன்னா பேட் என்ன, இரும்பே தேஞ்சு போகும்.”

சாவியைப் போட்டு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, ஜாக்கியில் தூக்கிய காரின் முன்னால் உட்கார்ந்திருந்தார் மாப்பிள்ளை. சக்கரம் கழன்று சுவரோரம் கிடந்தது. கையிலிருந்த பிரேக் பேடைத் திருப்பிக் காட்டினார். விரல் தடிமன் இருக்க வேண்டியது, பிஸ்கட் மாதிரி மெலிந்துபோயிருந்தது.

“பழக்கமாயிடுச்சு மாப்பிள்ளை. என்ன பண்றது?” என்றாள் அவள், கட்டுப் போட்ட ஆள்காட்டி விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே.

“மார்க்கெட்டுக்குப் போய் வர்றதுக்கே இந்தக் கதி. மலை ஏறினா என்ன ஆகும்?”

“மலை ஏறி நான் என்ன பண்ணப் போறேன்? நீங்க திட்டி முடிச்சீங்கன்னா டீ போடலாம்.”

அவர் சிரித்துக்கொண்டே புது பேடின் உறையைக் கிழித்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கூத்துதான். “பிரேக்ல ஒரு சத்தம் வருது மாப்பிள்ளை” என்று அவள் போன் செய்வாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பஸ் ஏறி, டூல்ஸ் பையோடு வந்து நிற்பார். வேலை ஒரு மணி நேரம். அப்புறம் சாப்பாடு. அப்புறம் அவளுடைய மகளின் அறையில், ஜன்னலோரம் இருக்கும் நாற்காலியில் கொஞ்ச நேரம். அந்த ஒரு நாள்தான் அந்த வீட்டில் மகளின் பேரைச் சொல்லிப் பேச ஆள் இருக்கும்.

மூடி மறைப்பானேன், அந்தக் கார் வாசல் கேட்டைத் தாண்டி ஒன்றரை வருடமாகிறது. அது மகளின் கார். தானே ஓட்டி வந்து ஷெட்டில் நிறுத்திவிட்டு, “சாவி ஆணியில மாட்டியிருக்கும்மா” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அம்மாவுக்கு ஓட்டத் தெரியும், மனசு வரவில்லை. பேட்டரி செத்துப்போகக் கூடாதே என்று தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதோடு சரி.

முதல் தடவை பேட் நிஜமாகவே தேய்ந்திருந்தது. மகள் ஓட்டித் தேய்த்தது. மாப்பிள்ளை வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவரை வா என்று கூப்பிட என்ன காரணம் இருக்கிறது? மகளே போய்விட்டாள், மருமகன் மேல் எந்த உரிமை மிச்சம்? அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான் அவளுக்குப் பாடம். ஜாக்கி வைத்தாள், சக்கரத்தைக் கழற்றினாள், புது பேடை எடுத்து அரத்தால் தேய்த்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு மத்தியானம் பிடித்தது. இந்தத் தடவை விரலையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டாள். மாப்பிள்ளை மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரர், இந்த ஏமாற்றில் மட்டும் பச்சைப் பிள்ளையாக இருக்கிறாரே என்று அவளுக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருக்கும்.

டீயோடு திரும்பி வந்தபோது மாப்பிள்ளை பானெட்டைத் திறந்து, வழக்கம்போல அதன் உள்பக்கம் வெள்ளை மார்க்கரால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கணக்கு ஏதாவது இருக்கும் என்று அவள் எட்டிப் பார்த்ததில்லை.

“உள்ள உக்காந்து பிரேக்க அழுத்துங்க அத்தை. நான் போதும்ங்கற வரைக்கும்.”

அவள் மகளின் சீட்டில் உட்கார்ந்து அழுத்தினாள். முதலில் கால் அடிவரைக்கும் போனது. நாலாவது தடவை கெட்டியாக நின்றது.

“போதும். இனி மூணு மாசத்துக்குக் கவலை இல்ல.”

அவள் இறங்கவில்லை. முந்தாநாள் மாப்பிள்ளையின் அக்கா போனில் சொன்னது காதிலேயே இருந்தது. ‘நல்ல பொண்ணும்மா. இவன்தான் பிடி கொடுக்க மாட்டேங்கறான். அத்தை காரு என்னாகும்னு சாக்கு சொல்றான். நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்.’

“மாப்பிள்ளை, வண்டிய வித்துடலாம்னு இருக்கேன்.”

அவர் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

“ஏன் அத்தை?”

“கண்ணு சரியாத் தெரியல. நாளைக்கு ஆள் வருது.” ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அக்கா பேசினாங்க. நல்ல பொண்ணாம். சரின்னு சொல்லிடுங்கப்பா.”

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “ஆயில் சரியா இருக்கான்னு இன்னொரு தடவ பாத்துடறேன்” என்று மறுபடி பானெட்டுக்குள் தலையை விட்டார். வெளியே எடுக்க நேரமாயிற்று.

அவர் போனபிறகு அவள் வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஒரு பொய்யிலிருந்து அவரை விடுவித்தாயிற்று என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் வண்டி பார்க்க வந்தவர் பானெட்டைத் தூக்கியதும் முகம் சுளித்தார்.

“என்னம்மா இது, மீட்டர் ஓடாத வண்டியா?”

அவள் எட்டிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் குண்டுக் கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அவர் வந்துபோன ஆறு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதிகள். ஒவ்வொன்றுக்கும் நேராக, மகள் கடைசியாக வண்டியை நிறுத்திய அன்று காட்டிய அதே கிலோமீட்டர்: 41,306.

ஏழாவதாக, மூன்று மாதம் கழித்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதியும் அதே 41,306-உம் முன்கூட்டியே எழுதப்பட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்து அடிக்கப்பட்டிருந்தது.